தெம்பு நேரம்

எனக்கு வேலை போனதைப் பற்றி யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். போக வேண்டிய வேலைதான். நான் சொல்ல வந்தது கோகிலவாணியைப் பற்றி. காகிதப்படி அவளுக்கு நியாயம் கிடைத்துவிட்டது. அதனால் நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

என் பெயர் தெய்வசிகாமணி. பெருமாநல்லூர் தாண்டி ஒரு பனியன் கம்பெனியில் நேர அலுவலராக இருந்தேன். அந்தப் பதவிப் பெயர் எங்கள் ஆட்கள் வாயில் நுழையாது. கேட் வாட்ச்மேன் முதல் கட்டிங் மாஸ்டர் வரைக்கும் எனக்கு ஒரே பெயர், தெம்பு சார்.

சட்டம் வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் எப்படி வேலை செய்தோம் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒன்றரை ஷிப்ட் என்பது அன்றைக்கு சாதாரணம். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டரைக்குத்தான் முதுகு நிமிரும். சரக்கு கப்பல் ஏறும் தேதி நெருங்கிவிட்டால் அதுவும் கிடையாது, விடிய விடிய ஓடும். நான் அப்போது செக்கிங் பிரிவில் இருந்தேன். முப்பத்தெட்டு வயதில் ஒரு நாள் கையில் இருந்த பனியனில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போக எந்த பஸ் என்பதும் மறந்து போய், பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் நின்றேன். டாக்டர் சலிப்போடு, "மோட்டார் காயில் தீயற மாதிரி மனுசனும் தீஞ்சு போவான், தெரியுமில்ல?" என்று கேட்டார்.

ஆகவே சட்டம் வந்தபோது அதற்காகக் கொடி பிடித்தவர்களில் நானும் ஒருவன். சட்டம் எளிமையானது. ஒவ்வொரு தொழிலாளியின் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைப் பூட்டுவோம். இருபத்தொரு நாள் அது உடம்புச் சூட்டையும் நாடியையும் தூக்கத்தையும் அளந்து ஒரு வளைவு வரைந்து கொடுக்கும். அந்த வளைவு உச்சியில் இருக்கும் நாலு மணி நேரம்தான் அந்த ஆளின் தெம்பு நேரம். கம்பெனி அந்த நாலு மணி நேரம் மட்டும் வேலை வாங்கலாம், முழு நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். மற்ற நேரத்தில் வேலை வாங்கினால் குற்றம். யாரும் தூங்கி வழிந்துகொண்டு தைப்பதில்லை என்பதால் உற்பத்தியும் குறையவில்லை. இந்தச் சட்டத்தைக் கெட்ட சட்டம் என்று எவனாவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

அப்போது, ஆளுக்கு விருப்பமான நேரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி விட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். சட்டத்தை எழுதிய கமிட்டி முன்னால் நின்று அதை எதிர்த்துப் பேசியவன் நான்தான். "விருப்பம்னு ஒரு சந்து விட்டீங்கன்னா முதலாளி எல்லாரையும் விருப்பப்பட வெச்சிருவான்" என்றேன். கை தட்டினார்கள். சந்து அடைபட்டது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. தெம்பு நேரத்தில் ஒருவருக்கு விபத்து நடந்தால் அது அவருடைய அலட்சியம். ஆள் களைப்பாக இல்லை என்று பட்டையே சொல்லிவிட்ட பிறகு கம்பெனியை எப்படிக் குறை சொல்வது என்பது அவர்கள் வாதம். அதை நாங்கள் சரியாகப் படிக்கவில்லை, கொண்டாட்டத்தில் இருந்தோம்.

கோகிலவாணி கட்டிங் பிரிவில் இருந்தாள். முப்பது வயதிருக்கும். நல்ல கை. எண்பது மடிப்புத் துணியை மெஷின் கத்தியால் அறுக்கும்போது ஒரு நூல் கூட விலகாது. அவளுடைய தெம்பு நேரம் காலை ஒன்பதிலிருந்து ஒன்று. மூன்று வருஷம் அப்படி ஓடியது. ஒரு நாள் வேலை முடிந்து என் அறைக்கு வந்தாள்.

"எனக்கு மத்தியான நேரம் மாத்திக் குடுங்க சார்."

"அது நான் குடுக்கறதா அம்மணி? உன்ற உடம்பு குடுக்கறது."

"மறுபடி அளக்கலாமுங்களே. ஒடம்பு சரியில்லாம போனா அளப்பீங்கல்ல?"

"உனக்கு ஒடம்புக்கு என்ன?"

அவளுக்கு ஒன்றுமில்லை. மகள் நிதிலாவுக்கு மூன்றரை வயது, பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு மாதம் முன்பு ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு கருவி வைத்திருந்தார்கள். வெளியே காதோரம் ஒட்டிக்கொள்ளும் ஒரு துண்டு. எங்கள் ஊரில் எல்லாம் சேர்த்து காது மெஷின்தான். மெஷின் வைத்தவுடன் குழந்தை பேசிவிடும் என்று நான் நினைத்திருந்தேன்.

"சத்தம் மட்டுந்தானுங்க கேக்கும்," என்றாள். "எது சத்தம், எது வார்த்தைன்னு நாமதான் சொல்லிக் குடுக்கோணும். அஞ்சு வயசுக்குள்ள மூளை புடிச்சுக்கும், அதுக்கு மேல நெம்பக் கஷ்டம்னு பயிற்சி டீச்சர் சொல்லிட்டாங்க. அவங்க வாரத்துல ஒரு நாள் வருவாங்க. மிச்சமெல்லாம் அம்மா செய்யறதுதான்."

"நாலு மணி நேர வேலைதான அம்மணி. மிச்சம் இருபது மணி நேரம் உன்னுதுதான?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கோபம் இல்லை. கணக்குத் தெரியாதவனைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"அந்த இருபதுல தெம்பு எங்கீங்க இருக்குது? அதத்தான் நீங்க நாலு மணி நேரத்துல மொத்தமா எடுத்துக்கறீங்களே. தண்ணின்னு ஒரு வார்த்தைய இருநூறு தடவ சொல்லோணும். இருநூறாவது தடவையும் சிரிச்ச மூஞ்சியா சொல்லோணும். மூஞ்சி செத்துப் போனா புள்ள திரும்பிக்குவா. மத்தியானத்துக்கு மேல நான் பேசறது எனக்கே புடிக்கறதில்லீங்க. புள்ளைக்கும் காலைலதான் சுறுசுறுப்பு."

கணவன் திருமூர்த்தி தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். அவனுடைய தெம்பு நேரம் நடுராத்திரி. பகலெல்லாம் தூக்கம். "எங்கூட்டுக்காரரு முழிச்ச மூஞ்சிய ஒரு நாளைக்கு இருபது நிமிசந்தான் பாக்கறனுங்க" என்றாள். வேலையை விடவும் வழியில்லை. குழந்தையின் மெஷினைப் பராமரிப்பது கம்பெனி காப்பீடு.

சட்டப்படி முடியாது என்று சொல்லி அனுப்பினேன். வாரம் தவறாமல் வந்தாள். நாலாவது வாரம் குழந்தையையும் கூட்டி வந்தாள். சுருட்டை முடி, காதோரம் நீல நிறத் துண்டு. என் மேஜை மேல் இருந்த டம்ளரைக் காட்டி "ண்ணி" என்றது. வார்த்தையின் தலை இல்லை, வால் மட்டும். கோகிலவாணி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அன்றைக்கு நான் தோற்றுப் போனேன்.

ஏமாற்றுவது சுலபமாகத்தான் இருந்தது. பட்டையைப் பூட்டுவதும் நான், திறப்பதும் நான். அவளுடைய பட்டையை அவள் கையில் பூட்டவில்லை. என் கையில் பூட்டிக்கொண்டேன். என் உடம்புக்கு மத்தியானம் இரண்டிலிருந்து ஆறு வரைதான் உச்சம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, இருபத்தொரு நாள் ஒரு பெண்ணின் பெயரில் தூங்கினேன், எழுந்தேன், சாப்பிட்டேன். என் மனைவி மட்டும் கேட்டாள். புது மாடல் சோதனை என்று சொல்லிவிட்டேன். கோகிலவாணி பெயரில் என் வளைவு பதிவானது. இரண்டிலிருந்து ஆறு.

"ஜாக்கிரதை அம்மணி," என்றேன். "காயிதத்துலதான் உனக்கு அது தெம்பு நேரம். நெசத்துல நீ தூங்கி விழற நேரம்."

"நாலு மணி நேரந்தானுங்க. ஓட்டிருவேன்."

ஓட்டினாள். பதினாலு மாதம். நடுவில் வருஷத்துக்கு ஒரு முறை எல்லாருக்கும் எடுக்கும் அளவை வந்தபோது மறுபடியும் என் கையில் பூட்டிக்கொண்டேன். காலையில் குழந்தைக்கு வார்த்தை, மத்தியானம் குழந்தையைக் கம்பெனி காப்பகத்தில் விட்டுவிட்டுத் துணி. கேட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு எண் சொல்வாள். "அறுவத்திரண்டு சார்." "நூத்திப் பத்து சார்." குழந்தைக்கு வந்த வார்த்தைகளின் எண்ணிக்கை. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் எண்ணைக் கேட்டு சந்தோஷப்பட்டேன்.

விபத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை மூணு ஐம்பதுக்கு நடந்தது. அந்த நேரத்தில் நான் மாடியில் பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல சுறுசுறுப்பாக இருந்தேன், வேலை மளமளவென்று நடந்தது. கீழே சத்தம் கேட்டு ஓடினேன்.

கட்டிங் டேபிளில் துணியை அழுத்திப் பிடிக்கும் இடது கைக்கு இரும்பு வலைக் கையுறை போட வேண்டும். கத்தி பிடிக்கும் வலது கைக்கு வேண்டாம். கோகிலவாணி கையுறை போட்டிருந்தாள், வலது கையில். இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எண்பது மடிப்புக்குள் போயிருந்தன. அவள் கத்தவில்லை. தூக்கத்தில் எழுப்பிய ஆள் போல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதற்குள் கம்பெனி அறிக்கை வந்துவிட்டது. தெம்பு நேரத்தின் உச்சியில் விபத்து, ஆகவே தொழிலாளியின் அலட்சியம். இழப்பீடு இல்லை. காயம் ஆறியதும் கடும் எச்சரிக்கையோடு மறுபடி அதே நேரத்துக்கு வேலை. அலட்சியமாம். எனக்குத் தெரிந்து அவளைப் போல் கவனமான கை அந்தப் பிரிவிலேயே கிடையாது.

"நான் உண்மையச் சொல்லிடறேன் அம்மணி," என்றேன். "களைச்ச ஒடம்புதான் கையுறையை மாத்திப் போடும்னு எழுதிக் குடுத்தர்றேன். பழி எம்மேல வரட்டும்."

அவள் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"வேண்டாமுங்க."

"ரெண்டு வெரல் போயி, பழியும் நீ சொமக்கறதா?"

"சொமந்துக்கறேன். அலட்சியம்னே இருக்கட்டும் சார். அது வெறும் வார்த்தைதானுங்க. வெரல் போனது போனதுதான். எனக்குக் காலை நேரம் இருக்குதில்ல? புள்ளைக்கு அஞ்சு வயசாக இன்னும் மூணே மாசந்தானுங்க. இப்பத்தான் ரெண்டு வார்த்தைய ஒண்ணாச் சேக்கறா. 'அம்மா வா' சொல்றா. இந்த மூணு மாசத்த மட்டும் உட்றுங்க."

"சரி, சரி, தூங்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். அந்த வாரம் எனக்கு எப்படிப் போனது என்பதை மறைக்கப் போவதில்லை. வெட்கமாக இருந்தது. என் வளைவை அவள் மேல் போர்த்தி கத்திக்கு முன்னால் நிறுத்தியவன் நான். அறிக்கையில் அவள் பெயர். காப்பித் தண்ணி கூட இறங்கவில்லை. அவள் பேச்சை வலி மயக்கத்தில் சொன்னது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவன், சட்டம் தெரிந்தவன், அவளுக்கு நல்லது எது என்று அவளைவிட எனக்குத் தெரியும் என்ற திமிரும் இருந்தது. எட்டாவது நாள் நாலு பக்கம் எழுதி ஜெனரல் மேனேஜர் ராமபத்ரன் மேஜையில் வைத்தேன்.

அவர் சென்னைக்காரர். சத்தமாகப் பேச மாட்டார். நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"இது எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா சிகாமணி?" என்றார்.

"என்ன சார் சொல்றீங்க?"

"உங்க வளைவும் அந்தப் பொண்ணு வளைவும் ஒரு மயிரிழை கூட விலகாம ஒண்ணா இருக்கு. ரெண்டு பேருக்கு அப்படி வருமா? சிஸ்டம் முதல் வாரமே காட்டிடுச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"மத்தியானம் கட்டிங்ல நிக்க ஆள் எங்க இருக்கு? நம்ம ஃபேக்டரில முக்கால்வாசி பேருக்குக் காலைலதான் உச்சம். நல்ல கை ஒண்ணு தானா வந்து ரெண்டு மணிக்கு நிக்குது. நான் ஏன் கேள்வி கேக்கணும்? இது மாதிரி நம்ம கம்பெனில இன்னும் பதினோரு பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம். வயசான அப்பா, பரீட்சை எழுதற பையன், ஏதோ ஒண்ணு."

விபத்து நடந்தால் கம்பெனி பொறுப்பில்லை என்பதும் அவருக்கு முதல் வாரமே தெரிந்திருக்கும். அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அவர் காகிதத்தை என் பக்கமாகத் தள்ளினார். "எடுத்துட்டுப் போயிடுங்க. நான் பாக்கல. எனக்காகச் சொல்லல, அந்தப் பொண்ணுக்காகவும்தான் சொல்றேன். இது போர்டுக்குப் போனா அதோட நிக்காது."

யோக்கியன் மாதிரி பேசுகிறான் பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள அவள் பெயரை இழுக்கிறான் என்று நினைத்தேன். அன்று மதியமே அந்த நாலு பக்கத்தையும் தொழிலாளர் போர்டுக்கு நேரில் கொண்டு போய்க் கொடுத்தேன். வெளியே வந்தபோது மனசு அவ்வளவு லேசாக இருந்தது. எதிரில் இருந்த பேக்கரியில் இரண்டு தேங்காய் பன் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

போர்டு ஐந்து வாரத்தில் தீர்ப்பு சொன்னது. எங்கள் ஊரில் அவ்வளவு வேகமாக எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. அலட்சியம் என்ற சொல் நீக்கப்பட்டது. கம்பெனிக்கு அபராதம், அவளுக்கு இழப்பீடு. எனக்கு நேர அலுவலர் உரிமம் ரத்து, அதுவும் சரி. கடைசிப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தன. தொழிலாளியின் பதிவு உடனடியாக அவருடைய உண்மையான வளைவுக்குத் திருத்தப்படுகிறது. பதிவில் முறைகேடு நடந்திருப்பதால் ஐந்து வருஷத்துக்கு மறு அளவை கிடையாது.

உண்மையான வளைவு என்றால் காலை ஒன்பதிலிருந்து ஒன்று.

நான் அந்த வரியை மூன்று முறை படித்தேன். கமிட்டி முன்னால் கை தட்டல் வாங்கியவனுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை என்றால் பொய். என் பாரத்தை இறக்கி வைக்கிற அவசரத்தில் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கையில் அடிபட்டவர்களுக்கு விடுப்பு கேட்கலாமா என்று ராமபத்ரனிடம் போய் நின்றேன். "டாக்டர் ஃபிட்னு குடுத்துட்டார். கட்டிங் வேண்டாம், மடிக்கிற டேபிள்ல போட்டிருக்கு. திங்கட்கிழமைலேர்ந்து காலைல வரணும்," என்றார். அதற்கு மேல் அவர் என்னைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு நான் கேட்டுக்கு எதிரே நின்றேன். வேலை போய்விட்டதால் இனி உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. கோகிலவாணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நிதிலா தெருவில் போகும் நாய்க்கும் வண்டிக்கும் ஏதேதோ பெயர் சொல்லிக்கொண்டே வந்தது. கண் பளபளவென்று இருந்தது. அதைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். காப்பகத்தில் நாற்பது குழந்தைகள், ஓயாத இரைச்சல். அந்த இரைச்சலில் அந்த மெஷினுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது. இதை எனக்குச் சொன்னதும் கோகிலவாணிதான்.

இரண்டு மாதம் அவள் வீட்டுப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. போன வியாழக்கிழமை போனேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். திருமூர்த்தி உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். கோகிலவாணி தரையில் உட்கார்ந்து, மூன்று விரல் கையால் ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு "பூனை" என்றாள். குரலில் உயிர் இல்லை. குழந்தை சிணுங்கியது. "பூனை" என்றாள் மறுபடியும். குழந்தை காதோரத் துண்டைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் அதை எடுத்து மறுபடி மாட்டவில்லை.

"வாங்க சார்," என்றாள். "உக்காருங்க. தண்ணி கொண்டாரட்டுங்களா?"

"வேண்டாம் அம்மணி." நான் நின்றுகொண்டே இருந்தேன். "எத்தன வார்த்தை?"

"எண்ணறதில்லீங்க இப்ப. இருந்ததுல கொஞ்சம் போயிருச்சு."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பு எனக்கு வாயில் வரவில்லை. "திட்டறதுன்னா திட்டிரு அம்மணி. வாங்கிக்கத்தான் வந்தேன்," என்றேன்.

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், ஒரு வேலையைச் செய்ய முடியுமா என்று பார்ப்பது போல.

"திட்டறதுக்கும் தெம்பு வேணுமில்லீங்க," என்றாள். "காலைலன்னா திட்டலாம். காலைல நான் கம்பெனில இருக்கறேன்."

குழந்தை மடியிலேயே தூங்கிப் போயிருந்தது. அதை எழுப்பாமல் அப்படியே பக்கத்தில் சாய்ந்து அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.